டிக்கட் கபலா

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் தண்ணி மருந்து வேண்டுமென்றால் போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். டாக்டருக்குக் காசில்லை, கட்டிலுக்குக் காசில்லை, மருந்துக்கும் இல்லை. போத்தல் மட்டும் நம்முடையது. அன்றைக்கு நான் போத்தல் கழுவப் போன நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. அதனால் போத்தலில் தொடங்குகிறேன்.

நான் ஹாலிஎலையில் பிறந்தவள். அப்பா கடைவீதியில் மூட்டை தூக்கினார். அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள், வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். படிப்பு போனாலும், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு தெருவில் ஓடி விளையாடியதில் சிங்களம் வந்தது. கல்யாணமாகி லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போனபோது, வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள் இருக்கிற எங்கள் லயத்தில் சிங்களம் பேசத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். யாரைப் பதுளைக்குக் கொண்டுபோனாலும் துணைக்கு என்னையும் லொறியில் ஏற்றிவிடுவார்கள்.

ஏற்றிவிட்டவர்களுக்கு என் குணம் தெரியாது. மழை பெய்தால் மண் சரியும் என்று பயப்படுவேன். வெயில் காய்ந்தால் கொழுந்து குறையும், வேலை நிறுத்துவார்கள் என்று பயப்படுவேன். நாய் ஊளையிட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் சொல்லுவார்:

"ஒனக்கு பயப்பட ஒண்ணும் இல்லாட்டி, ஏன் ஒண்ணுமே இல்லன்னு அதுக்கும் பயப்படுவ."

அவர் சொன்னது பொய்யில்லை.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், என்னைவிடப் பத்து மடங்கு தைரியசாலி. கங்காணியிடம் எதிர்த்துப் பேசுவாள். அட்டை கடித்தால் கையாலேயே பிய்த்து எறிவாள். அந்த மதினிதான் ஒருநாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கூடையோடு சரிந்து விழுந்தாள். கண் மேலே போய்விட்டது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் இரத்தம். நாக்கைக் கடித்திருந்தாள்.

"இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க!" என்று ஆட்கள் கத்தினார்கள். யாரோ ஓடிப்போய்த் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். வலிப்புக்கு இரும்பு பிடித்தால் அடங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் கை இழுக்க இழுக்க அந்தக் கத்தியும் கூடவே ஆடியது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதத்திலேயே மறுபடியும் வந்தது. இந்தமுறை அடுப்படியில். நெருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளது இடது கைப் பெருவிரல் தானாகத் துடித்தது, தண்ணீரில் மீன் தூண்டிலை இழுப்பதுபோல. அதற்குப் பிறகு நான் மதினியிடம் பேசும்போதெல்லாம் அந்த விரலைப் பார்த்துத்தான் பேசினேன்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா அவளைப் பார்த்துவிட்டு, ஒரு தாளைக் கிழித்து எழுதினார்.

"இதுக்கு இங்க மருந்து இல்ல. துண்டு தாறேன், பதுளைக்குக் கொண்டு போங்க. அங்க குளிசை இருக்கு. சும்மா குடுப்பாங்க."

வெளியே வந்ததும் மதினி கேட்டாள்:

"சும்மா எவன் குடுப்பான்? பின்னால என்ன கேப்பானுங்களோ?"

இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் வராது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துத் தமிழரான எங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று பிரித்துக்கொண்டிருந்த நேரம். எங்களில் பலருக்கு எந்த நாட்டு ஆள் என்று காட்ட ஒரு தாளும் கிடையாது. இந்தியாவுக்குப் போக எழுதிப்போட்டவர்களுக்கு ஒருநாள் டிக்கட் வரும். ரயில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். தவணை முடிந்தும் போகாமல் இருந்த ஒரு குடும்பத்தைப் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போனதை எங்கள் லயமே நின்று பார்த்தது. உலையில் வைத்த அரிசி அப்படியே இருந்தது. மதினியின் புருஷனும் யாரோ சொல்லக் கேட்டு இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருந்தார். மதினிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. "நான் பொறந்தது இந்த மலையில. அங்க எனக்கு யாரு இருக்கா?" என்பாள். அதிலிருந்து, எங்கே பேர் கேட்டாலும், ஊர் கேட்டாலும், அவளுக்கு உள்ளுக்குள் கப்பல் ஊதும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பேர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மதினி என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுதுகிறவர் முகத்தைப் பார்த்தேன். எந்த நாட்டு ஆள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்கவேயில்லை. கட்டிலைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

வார்டில் அவளுக்குச் சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒரு வாரத்தில் விரல் துடிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் தூக்கக் கலக்கம் மட்டும் இருந்தது. வார்டில் நர்ஸ் வேலைக்கு ஒரு மிஸ்ஸி இருந்தாள், தடித்த உடம்பு, சத்தமான குரல், நல்ல மனசு. அவள் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னாள். இந்தக் குளிசையை ஒரு நேரம்கூட விடக்கூடாது. வீட்டுக்குப் போனாலும் மாதாமாதம் வந்து வாங்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாக வரும், ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும், ஆளே போய்விடலாம்.

என்னிடம் போய் இதைச் சொல்லலாமா? அன்று முழுவதும் எனக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் கேட்டது.

வீட்டுக்கு விடுகிற நாளன்று விடியற்காலை பஸ்ஸில் தோட்டத்திலிருந்து வந்தேன். போத்தல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், சத்துக்குத் தண்ணி மருந்தும் கொடுப்பதாக. வீட்டில் இருந்தது ஒரே ஒரு போத்தல், மதினியின் புருஷன் சாராயம் குடித்து வைத்தது. மிஸ்ஸி அதை வாங்கி முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இதில் மருந்து ஊற்றினால் விழுகிறவள் வலிப்பில் விழுகிறாளா குடி வெறியில் விழுகிறாளா என்று டாக்டருக்கே தெரியாது, போய்க் கழுவிக்கொண்டு வா என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். மதினிக்கு விளங்கவில்லை, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

குழாய் வார்டுக்குப் பின்னால். அங்கே ஒரு வரிசை. சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் ஊற்றி, முகர்ந்து, மறுபடியும் தேய்த்து, வாசம் போனதா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் ஒருமுறை ஊற்றினேன். திரும்பி வந்தால் கட்டில் காலி.

கக்கூசுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். இல்லை. வராந்தாவில் இல்லை. கட்டிலுக்கடியில் அவள் சேலை மடித்தபடி இருந்தது. ஆஸ்பத்திரிச் சட்டையோடும் துணியோடும் போயிருக்கிறாள். காலையில் கொடுத்த குளிசை தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"லெடா கோ?" என்று மிஸ்ஸி வந்தாள். நோயாளி எங்கே என்று என்னிடம் கேட்கிறாள்! நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் கிராமத்து அம்மா சொன்னாள், மிஸ்ஸி வந்து ஏதோ சொன்னாள், உன் ஆளும் ஏதோ கேட்டாள், மிஸ்ஸி தலையாட்டினாள், அவள் அந்தப் பக்கம் போனதும் இவள் எழுந்து இந்தப் பக்கம் போய்விட்டாள் என்று.

மிஸ்ஸிக்கு அந்த நல்ல மனசிலும் கோபம் வந்தது. சொல்லாமல் ஓடினால் ஓடிப்போனாள் என்றுதான் எழுத வேண்டும், அப்படி எழுதினால் மருந்துத் துண்டு கிடைக்காது. டாக்டர் இன்னும் மேசையில்தான் இருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மருந்து ஜன்னலை மூடுவார்கள். நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு, மறுநாள் ஞாயிறு. "போய்க் கூட்டிக்கொண்டு வா. டாக்டர் எழும்பும்வரை நான் ஒன்றும் எழுத மாட்டேன்" என்றாள்.

எங்கே போய்க் கூட்டி வருவது? என் மூளை நல்லதை ஒருபோதும் முதலில் காட்டாது. ஆற்றுப் பாலம் தெரிந்தது. பாலத்துக் கைப்பிடியில் அந்த இடது கை தெரிந்தது, விரல் துடிக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து கிடக்கிறாள், சுற்றி நிற்கிறவர்கள் குடிகாரி என்று விலகிப்போகிறார்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். வாசலில் ஒரு பொலிஸ் ஜீப் நின்றது, ஏதோ விபத்தில் அடிபட்டவனைக் கொண்டுவந்தது. அதையும் பார்த்துப் பயந்துகொண்டே தாண்டினேன்.

ரயில் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. செத்தாலும் மதினி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாள். அங்கிருந்துதானே ஆட்களை அனுப்புகிறார்கள். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். லுணுகலை பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்தேன். கண்டக்டரிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிச் சட்டை போட்ட பொம்பளயா? அப்பிடி யாரும் வரல்லம்மா. நீங்க வேணும்னா ஒக்காருங்க, நீங்களும் நோயாளி மாதிரித்தான் இருக்கீங்க."

திரும்பி ஓடி வந்தேன். வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. போத்தல் கொண்டுவர மறந்தவர்களுக்கு வெறும் போத்தலும் தக்கையும் விற்கிற கடை. ஒரு முஸ்லிம் நானாவுடையது. வாசலில் நின்று அவர் கையைத் தட்டினார்.

"தங்கச்சி! ஏ தங்கச்சி! ஓடாத. ஒன்ட சாமான் இங்க ஈக்கி."

உள்ளே அடுக்கியிருந்த போத்தல்களுக்குப் பின்னால், தரையில் குந்தியிருந்தாள் மதினி. கையில் ஒரு கோப்பைப் பிளேன்டீ, குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"ஓடி வந்து உள்ளுக்குப் பூந்துட்டா," என்றார் நானா. "என்னயக் காட்டிக் குடுத்துராதீங்கன்டு கும்புடுறா. நான் நெனச்ச, ஆரையோ வெட்டிட்டு வந்திருக்கான்டு."

நான் மதினியின் இடது கையைத்தான் முதலில் பார்த்தேன். சும்மாதான் இருந்தது. பிறகு சத்தம் போட்டேன்.

"ஏன் மதினி இப்பிடிப் பண்ணீங்க? உசிரே போச்சு எனக்கு!"

"மெதுவாப் பேசு புள்ள." அவள் என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "எனக்கு டிக்கட் வந்திருச்சு."

"என்ன டிக்கட்?"

"மிஸ்ஸி வந்து சொன்னா. டிக்கட்டுன்னா, அப்புறம் கப்பலான்னா. எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. 'கப்பலா?'ன்னு திருப்பிக் கேட்டேன். ஆமா, ஆமான்னு தலய ஆட்டுறா. சிரிச்சிக்கிட்டே சொல்றா புள்ள! வெளிய வந்தா ஜீப்பு நிக்குது. சும்மா மருந்து குடுக்கிறேன்னு கூப்பிட்டு வச்சு, பேரெல்லாம் எழுதி வாங்கிக்கிட்டு, இப்பக் கப்பல்ல ஏத்தப் போறானுங்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிங்களத்தில் 'டிக்கட் கபலா' என்றால் டிக்கட்டை வெட்டியாயிற்று, அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டாயிற்று என்று அர்த்தம். கட்டிலில் தொங்குகிற நோயாளித் தாளைத்தான் அங்கே டிக்கட் என்பார்கள். மிஸ்ஸி 'கபலா' என்றாள். மதினி 'கப்பலா?' என்றாள். மிஸ்ஸி ஆமாம் கபலா என்றாள். விளங்கிய பிறகும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவேளை மதினி கேட்டதுதான் சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஜீப்பு ஏன் இன்னும் நிற்கிறது?

நானாதான் சிரித்தார்.

"பதுளைக்கு எங்கால தங்கச்சி கப்பல் வாற? எங்கட ஆத்துல எறங்கினா முழங்கால் நனையாது."

"நீங்க சிரிங்க நானா," என்றாள் மதினி. "ஒங்கள யாரும் ஏத்த மாட்டாங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

நான் பக்கத்தில் குந்தினேன். "மதினி, கபலான்னா கப்பல் இல்ல. வெட்டுறதுன்னு அர்த்தம். ஒங்க டிக்கட்ட வெட்டிட்டாங்க."

அதைச் சொன்னதும் அவள் முகம் இன்னும் செத்துப்போனது. "வெட்டிட்டாங்களா? என் பேரயா?"

தோட்டத்தில் பேரை வெட்டுவது என்றால் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவிலிருந்து எடுப்பது. வேலையும் போகும், காம்பராவும் போகும். கப்பலிலிருந்து இறக்கி அவளை நான் அதைவிட மோசமான இடத்தில் விட்டிருந்தேன்.

"பேர் இல்ல மதினி, டிக்கட்டு. வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாங்க. லயத்துக்கு!"

"லயத்துக்குப் போக எதுக்கு டிக்கட்டு? எதுக்கு வெட்டு?"

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்புகிற சத்தம் இங்கேயே எனக்குக் கேட்டது. என்ன சொன்னாலும் வேறொன்றாக விளங்குகிறதே, எந்த வார்த்தைதான் அவளுக்கும் மிஸ்ஸிக்கும் ஒன்று என்று தேடினேன். அப்போதுதான் வாயில் வந்தது.

"துண்டு குடுக்கிறாங்க மதினி. மருந்துத் துண்டு."

"துண்டா?"

"ஆமா. நம்ம மருந்துக்கார ஐயா குடுத்தாரே, அந்த மாதிரித் துண்டு. சிங்களத்திலயும் அதுக்குத் துண்டுன்னுதான் பேரு. நீங்களே கேட்டுப் பாருங்க."

அவள் நானாவைப் பார்த்தாள். நானா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "அல்லா மேல, அவங்களும் துண்டுவன்டுதான் சொல்லுற."

மதினி கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

"கப்பல் இல்லன்னு ஒன் தாலி மேல சத்தியம் பண்ணு. வாறேன்."

என்னைப் போன்றவளிடம் இப்படிக் கேட்கலாமா? நான் சொல்வது சரிதான் என்று தெரியும். ஆனாலும் ஒரு சொல் தவறாக இருந்தால்? அந்த ஜீப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மலையில் தேயிலை கவ்வாத்து வெட்டிக்கொண்டிருப்பார், கையில் கத்தியோடு. அவரை நினைத்துக்கொண்டே தாலியைப் பிடித்தேன். "சத்தியமா" என்றேன். மனசுக்குள் முருகனிடம், ஏதாவது பிழையென்றால் என்னை எடுத்துக்கொள் என்றேன்.

மதினி எழுந்தாள். நானா ஒரு போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். கழுவிய போத்தலைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். "கொண்டு போ. இதுல சாராய வாசம் இல்ல" என்றார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. என்மேல் அந்த வாசம் வீசியிருக்க வேண்டும்.

ரோட்டைக் கடக்கும்போது ஜீப்பைப் பார்த்து மதினி என் கையை இறுக்கினாள். அவளுடைய இடது கை என் வலது கைக்குள் இருந்தது. அப்போதுதான் உணர்ந்தேன். விரல் துடித்தது.

நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பெருவிரலை என் உள்ளங்கையில் வைத்து நசுக்குகிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன். வாசல், வராந்தா, வார்டு. மிஸ்ஸி எங்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக் கத்தினாள். டாக்டர் எழும்பிவிட்டிருந்தார், பேனாவைப் பையில் குத்தப் போனார். மிஸ்ஸி ஓடிப்போய்த் தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே எழுதினார், எங்களைப் பார்க்கவுமில்லை. மிஸ்ஸி அதை என்னிடம் கொடுத்து, "துண்டுவ" என்றாள்.

"துண்டு!" என்றாள் மதினி, ஆச்சரியமாக.

மருந்து ஜன்னலுக்கு ஓடினோம். பலகையைப் பாதி இறக்கிவிட்டார்கள். நான் அந்த இடைவெளியில் துண்டையும் போத்தலையும் ஒன்றாக நுழைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் திட்டியது. நான் சிங்களத்தில் கெஞ்சினேன், என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஒரு கையால் அந்த விரலைப் பிடித்திருந்ததால் கும்பிடக்கூட முடியவில்லை. சற்றுப் பொறுத்துப் போத்தல் நிறைந்து வந்தது. பின்னால் ஒரு கடதாசி உறை வந்தது. பலகை இறங்கியது.

அங்கேயே நின்று ஒரு குளிசையை அவள் வாயில் போட்டேன். தண்ணீருக்கு எங்கே போவது? எச்சிலோடு விழுங்கினாள். வாங்கில் உட்கார்ந்தோம். ஆட்கள் கலைந்து போனார்கள். விரல் துடித்தது, நின்றது, மறுபடியும் துடித்தது. நான் விடவில்லை.

"ஏன் புள்ள இப்பிடி நசுக்குற? வலிக்குது."

"இருக்கட்டும் மதினி."

பிறகு அடங்கியது. குளிசையால் அடங்கியதா, தானாக அடங்கியதா, எனக்குத் தெரியாது. அந்தப் பிடியை விட எனக்கு அன்று மனம் வரவில்லை. லுணுகலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தூங்கி விழுந்த அவளை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் போனோம். ஒருமுறையும் தவறவில்லை. எங்களோடு சேர்ந்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். மூச்சு இழுப்புக்காரர், சீனி வருத்தக்காரி, நெஞ்சில் சளி கட்டி ஊசி போட வேண்டிய ஒரு பொம்பளை. காசு கொடுத்து மருந்து வாங்க யாருக்கும் வழியில்லை. சும்மா கிடைக்கிற மருந்தைப் போய்க் கேட்க யாருக்கும் தைரியமுமில்லை. தைரியத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள், பாருங்கள்! பஸ்ஸில் ஏறியதும் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: "பேர் கேப்பாங்க, சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது. போத்தல முகர்ந்து பாத்து எடுத்துக்கிட்டீங்களா? டிக்கட் கபலான்னு சொன்னா ஓடாதீங்க. அது கப்பல் இல்ல." மதினி அந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிப்பாள். நான் சிரித்துக்கொண்டே அவள் விரலைப் பார்ப்பேன்.

சில வருஷம் கழித்து உண்மையாகவே டிக்கட் வந்தது. அவள் புருஷன் எழுதிப்போட்டதற்கு வந்தது. இந்தமுறை வார்த்தைப் பிழை ஒன்றுமில்லை. மதினி அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் சாமான் கட்டினாள்.

போவதற்கு முன் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே மிஸ்ஸி, இப்போது கொஞ்சம் நரைத்திருந்தாள். மதினி நான் வாய் திறப்பதற்குள் தானே சொன்னாள்: "மிஸ்ஸி, டிக்கட் கப்பலா." கையை அலைபோல ஆட்டிக் காட்டினாள். மிஸ்ஸி சிரிக்கத் தொடங்கி, பாதியில் விளங்கி, நிறுத்திவிட்டாள். உள்ளே போய் டாக்டரிடம் என்ன சொன்னாளோ, ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதக் குளிசை கொடுத்தார்கள். அங்கே போய்க் காட்டுவதற்கு இங்கிலீஷில் ஒரு துண்டும் எழுதித் தந்தார்கள். அதை நான் பொலித்தீனில் சுற்றி, நூல் கட்டி, அவள் சுருக்குப் பையில் வைத்தேன். மழையில் நனையாமலிருக்க வேண்டும், கப்பலில் தொலையாமலிருக்க வேண்டும், சாமான் சோதிக்கிறவர்கள் எடுத்து எறியாமலிருக்க வேண்டும். இரண்டு மாதம் முடிந்தால்? அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதுளை ஸ்டேஷனில் ரயில் ஜன்னலுக்குள்ளிருந்து மதினி கேட்டாள்:

"துண்டு தொலஞ்சு போச்சுன்னா, அங்க போயி என்னன்னு கேக்கிறது புள்ள?"

"சின்ன வெள்ளைக் குளிசை, வலிப்புக்குன்னு கேளுங்க மதினி. அவங்களும் தமிழ்தானே. நீங்க யாரையும் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியதில்ல. சொன்னா வெளங்கும்."

என் வாழ்க்கையில் பயமில்லாமல் நான் சொன்ன சொற்கள் அவைதான். சொல்லும்போது நெஞ்சில் ஒரு இடம் லேசானதுகூட நினைவிருக்கிறது. ஜன்னல் கம்பியில் அவள் இடது கை இருந்தது. ரயில் நகரும்வரை அந்த விரலைப் பிடித்திருந்தேன். சும்மாதான் இருந்தது.

அவர்கள் இந்தியாவில் மலைப் பக்கம் எங்கேயோ போய்ச் சேர்ந்ததாக ஒருவர் மூலம் ஒரு தகவல் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

ரொம்ப நாள் கழித்து, அங்கே போய்க் குடியேறின ஒருவர் தன் தம்பியைப் பார்க்க எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அந்த ஊர்க் கதைகளைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அங்க போயி குளிசைன்னு கேட்டேன், ஒருத்தனுக்கும் வெளங்கல்ல. மாத்திரையாம்! போத்தல்ன்னு சொன்னாச் சிரிக்கிறானுங்க. ஆஸ்பத்திரியில 'துண்டு இருக்குய்யா'ன்னேன். 'துண்டு இருந்தா தோள்ல போட்டுக்க, இங்க எதுக்கு நீட்டுற'ன்னு கேக்கிறான்!"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மாத்திரை. நான் படிக்காத ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்திருக்குமோ என்னவோ. எனக்குத் தெரியாது.

அந்தப் பொலித்தீன் சுற்று தொலையாமல் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தொலைந்திருந்தாலும் மதினி தைரியசாலி, விடமாட்டாள். ஆனாலும் வேலை எதுவும் இல்லாத நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரி ஜன்னல் என் கண்ணுக்கு வருகிறது. பலகை பாதி இறங்கியிருக்கிறது. மதினி வெளியே நின்று "குளிசை, குளிசை" என்கிறாள். உள்ளே இருப்பவன் தமிழில்தான் கேட்கிறான், "என்னம்மா வேணும்?" என்று. அவளுடைய இடது கையைப் பிடிக்கப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறேன். அது மட்டும் தெரிவதில்லை.